பெயர் எழுதிய மேசைகள்

1950ஆம் ஆண்டு கொன்ராட்ஸ் கலேய்ஸ் என்ற லற்வியர் ஒருவர் அவுஸ்திரேலியாவுக்கு அகதியாக வந்து சேர்ந்தார். வொடொங்கா நகருக்கு அருகே பொனகில்லா என்ற இடத்தில் இருந்த குடிவரவாளர் முகாமிலேயே அவருக்கு வேலையும் கொடுத்தார்கள். கப்பலால் வந்து இறங்கும் அகதிகளின் விவரங்களைப் பதிந்து ஆவணம் தயாரித்துக் கொடுக்கும் பகுதியில் இலிகிதர் வேலை. 1957இல் அவர் இந்த நாட்டின் பிரசையானார்.

இதே மனிதர் 1941இல் ரீகா நகரில் ஆராய்ஸ் படை என்ற துணைப் பொலிஸ் படையில் அதிகாரியாக இருந்தவர் என்று அமெரிக்க நீதிமன்றங்கள் பின்னாளில் தீர்ப்பளித்தன. லற்வியரே சேர்ந்து, ஜேர்மன் ஆணையின் கீழ் நடத்திய படை அது. யூதரைத் தேடிப் பிடிப்பதும், ஊர் ஊராகப் போய்ச் சுட்டுக் கொல்வதும் அதன் வேலை. ரீகாவுக்கு வெளியே ரூம்புலாக் காட்டில் 1941 நவம்பர் 30, டிசம்பர் 8 ஆகிய இரண்டு நாள்களில் 25,000 பேரளவில் கொல்லப்பட்டார்கள். யூதரை அடைத்து வைத்திருந்த கெட்டோவிலிருந்து அவர்களைக் காடுவரை நடத்திக்கொண்டு போனவர்களில் லற்வியப் பொலிசாரும் இருந்தனர். அந்தப் படையில் தான் இருந்ததேயில்லை என்று கலேய்ஸ் சாகும்வரை மறுத்தார்.

வேட்டையாடியவர்களின் அணியில் இருந்த ஒருவர், வேட்டையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு அடையாளம் எழுதிக் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். நான் மெல்பேணின் புறநகரான ரோவிலுக்குக் குடிவந்த பிறகு பத்திரிகையில் இதை முதன்முதல் வாசித்தேன். அவர் கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் விரட்டப்பட்டு மெல்பேணுக்கே திரும்பிவந்து இங்கு பெரிய சர்ச்சை நடந்துகொண்டிருந்த காலம். மற்றவர்களுக்கு அவருடைய துவக்கு உறுத்தியிருக்கும். எனக்கு உறுத்தியது அந்த மேசை.

காரணம் உண்டு. எழுபதுகளில் மலைநாட்டுக் கச்சேரி ஒன்றில் இளம் இலிகிதராக நான் வேலை பார்த்தேன். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் நடைமுறைப்படுத்தப்பட்ட காலம் அது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை ஏற்கெனவே நாடற்றவராக்கியிருந்தது. 1964 ஒக்டோபரில் இரண்டு பிரதமர்கள் டில்லியில் கூடிப் பேசி, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பிரிவினை எங்கள் மேசைக்குக் கோவையாக வந்தது. ஒவ்வொரு கோவையிலும் ஒரு குடும்பம். தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், லயத்து இலக்கம், பிள்ளைகளின் வயது. ஒப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளம். முத்திரை விழுந்த பிறகு அந்தக் குடும்பம் தலைமன்னார் ரயிலில் ஏறி, கப்பலில் இராமேஸ்வரம் போகும். ரயில் நிலையத்தில் பிரியாவிடை சொல்லி அழுதவர்களைப் பார்த்தவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். கோவையைப் பார்த்தவர்கள் நாங்கள் சிலர்தான்.

அந்த வேலை செய்தவனுக்கு ஒன்று தெரியும். ஒரு அரசாங்கம் ஒரு சனத்தை நாட்டைவிட்டு அகற்ற வேண்டுமானால் முதலில் வேண்டியது துவக்கு அல்ல, இடாப்பு. யார் எங்கே இருக்கிறார், எத்தனை பேர், வீட்டு இலக்கம் என்ன என்று எழுதி வைத்திருக்க வேண்டும். அதை எழுதுவது அந்நியன் அல்ல, உள்ளூர் உத்தியோகத்தன். இதை வைத்துக்கொண்டுதான் ஐரோப்பிய யூதர்களின் வரலாற்றை நான் வாசிக்கிறேன்.

பிரான்சைப் பாருங்கள். 1940 ஜூனில் தோற்றுப்போன பிரான்சில் விஷி நகரைத் தலைநகராக்கி மார்ஷல் பெத்தான் தலைமையில் ஓர் அரசு அமைந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 3ஆம் தேதி, ஜேர்மானியர் கேட்காமலே, யூதரை அரச சேவையிலிருந்தும் ஆசிரியத் தொழிலிலிருந்தும் விலக்கும் சட்டத்தை அது கொண்டுவந்தது. அந்த மாதமே, ஜேர்மன் கட்டளைப்படி, பாரிஸ் வட்டாரத்து யூதர்கள் பொலிஸ் நிலையங்களில் போய்ப் பதிய வேண்டியிருந்தது. சுமார் 150,000 பேர் வரிசையில் நின்று பதிந்தார்கள். பெரும்பாலோர் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்த குடிமக்கள். பதியாவிட்டால் குற்றம் என்று நினைத்தவர்கள். அந்தப் பதிவுகளை வைத்து அந்திரே துலார் என்ற பொலிஸ் திணைக்கள உத்தியோகத்தர் ஒரு அட்டைக் கோவையை உருவாக்கினார். பெயர் வரிசைப்படி ஒரு தொகுதி, தெரு வரிசைப்படி ஒரு தொகுதி, நாட்டுரிமைப்படி ஒன்று, தொழிலின்படி ஒன்று. வேலையில் குறையே சொல்ல முடியாது. எந்தக் கச்சேரியிலும் அப்படியொரு இடாப்பைப் பார்த்தால் மேலதிகாரி மெச்சுவார்.

1942 ஜூலை 16ஆம், 17ஆம் தேதிகளில் அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு பிரெஞ்சுப் பொலிசார் வீடுவீடாகப் போனார்கள். 13,152 பேரைப் பிடித்தார்கள். அவர்களில் 4,115 பேர் குழந்தைகள். குடும்பமாகப் பிடிபட்டவர்களை வெல் திவ் என்ற சைக்கிளோட்ட மைதானத்துக்குள் கொண்டுபோய் அடைத்தார்கள். ஜேர்மானியர் முதலில் கேட்டது 16 வயதுக்கு மேற்பட்டவர்களை. குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று சொன்னவர் பெத்தானின் கீழ் அரசாங்கத் தலைவராக இருந்த பியர் லவால். பொலிஸ் தலைவர் ரெனே பூஸ்கே. போர் முடியும்வரை பிரான்சிலிருந்து சுமார் 76,000 யூதர் கொலைமுகாம்களுக்கு ஏற்றப்பட்டார்கள். இதில் பிரெஞ்சு அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று ஒரு பிரெஞ்சு ஜனாதிபதி வாய் திறந்து சொல்ல 1995 ஜூலை வரை, ஷாக் சிராக் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

நெதர்லாந்தில் யாக்கோப் லென்ஸ் என்ற உத்தியோகத்தர் குடித்தொகைப் பதிவேடுகளுக்குப் பொறுப்பாக இருந்தார். போலி செய்யவே முடியாத அடையாள அட்டையைக் கண்டுபிடித்தது தன் வாழ்நாள் சாதனை என்று நினைத்தவர். யூதரின் அட்டையில் J எழுத்தும் விழுந்தது. அந்நாட்டின் 140,000 யூதரில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் கொல்லப்பட்டார்கள். மேற்கு ஐரோப்பாவில் அவ்வளவு பெரிய விகிதம் வேறெங்கும் இல்லை. பதிவேடு எவ்வளவு ஆபத்தானது என்பதை அங்கே விளங்கிக்கொண்டவர்களும் இருந்தார்கள். 1943 மார்ச் 27ஆம் தேதி இரவு, சிற்பி கெரிட் வான் டெர் வேன், ஓவியர் வில்லம் அரொண்டேயுஸ் முதலியோர் அடங்கிய ஒரு குழு பொலிஸ் உடையில் போய் அம்ஸ்ரடாம் குடித்தொகைப் பதிவகத்தைத் தீ வைத்துக் கொளுத்தியது. தீயணைக்க வந்தவர்கள் வேண்டுமென்றே அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் பாய்ச்சி, எரியாத தாள்களையும் ஊற வைத்தார்கள். அரொண்டேயுஸ் உட்படப் பலர் பிடிபட்டுச் சுடப்பட்டனர். ஒரு சிற்பியும் ஓவியரும் ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுத்துத் தாக்கியபோது, அது படைமுகாமாகவோ பாலமாகவோ இருக்கவில்லை. பதிவகமாக இருந்தது. இந்த ஒரு சம்பவத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன்.

மற்ற நாடுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் விட்டுவிட முடியாது. சிலோவாக்கியாவின் ஜனாதிபதி யோசெப் தீசோ ஒரு கத்தோலிக்கக் குருவானவர். அவருடைய அரசு 1942இல் சுமார் 58,000 யூதரை அனுப்பியது. அனுப்பிய ஒவ்வொருவருக்கும் 500 ரைக்ஸ்மார்க் வீதம் ஜேர்மனிக்குக் கட்டணமும் செலுத்த இணங்கியது. ஹங்கேரியில் 1944 மே 15 முதல் ஜூலை 9 வரை, எட்டுக் கிழமைக்குள், சுமார் 437,000 பேர் அனுப்பப்பட்டனர். பெரும்பாலோர் அவுஷ்விற்சு கொலைமுகாமுக்கு. நாடுகடத்தலை நடத்த ஹங்கேரிக்குப் போன ஜேர்மன் அதிகாரி ஐக்மனின் குழு இருநூறு பேருக்கும் குறைவு. மிச்ச வேலையைச் செய்தவர்கள் ஹங்கேரிய ஜெண்டார்ம் படையினரும், நகரபிதாக்களும், கிராமத்து எழுத்தர்களும். நோர்வேயில் 1942 நவம்பர் 26ஆம் தேதி ஒஸ்லோ பொலிசார் வாடகைக் கார்களை அமர்த்திக்கொண்டு வீடுகளுக்குப் போய், 500க்கும் மேற்பட்ட யூதரை டொனாவ் என்ற கப்பலில் ஏற்றினார்கள். பல்கேரியா தன் சொந்த யூதர் 48,000 பேரைக் கொடுக்கவில்லை. பாராளுமன்ற உபசபாநாயகர் டிமிட்டர் பேஷெவும் சோபியாவின் பேராயர் ஸ்டெஃபானும் எதிர்த்து நின்றார்கள். ஆனால் தான் பிடித்து வைத்திருந்த திரேசிலிருந்தும் மசிடோனியாவிலிருந்தும் 11,343 பேரை அதே பல்கேரிய அரசு டிரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பியது. டென்மார்க்கில் மாத்திரம் சனமும் பொலிசும் மீனவரும் சேர்ந்து ஏழாயிரம் பேரளவில் சுவீடனுக்குப் படகேற்றித் தப்பவைத்தார்கள். முடியாத காரியம் அல்ல என்பதற்கு அந்த ஒரு நாடு போதும்.

இனி, நான் வாழும் நாட்டுக்கு வருகிறேன்.

1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடின. ஹிட்லரிடமிருந்து தப்ப வழி தேடும் யூதரை யார் ஏற்பது என்பதுதான் பேச்சு. அவுஸ்திரேலியாவின் சார்பில் போனவர் வர்த்தக, சுங்க அமைச்சர் தொமஸ் வைற். எங்கள் நாட்டில் இனப்பிரச்சினை என்று ஒன்றும் இல்லை, வெளியிலிருந்து ஒன்றை இறக்குமதி செய்ய நாங்கள் விரும்பவுமில்லை என்ற கருத்தில் அவர் பேசினார். நவம்பரில் ஜேர்மனி முழுவதும் யூதர் கடைகளும் ஆலயங்களும் நொறுக்கப்பட்ட பிறகு, மூன்று ஆண்டுகளில் 15,000 பேரை ஏற்பதாக அவுஸ்திரேலியா அறிவித்தது. போர் தொடங்கும்போது அதில் பாதியளவுதான் வந்திருந்தார்கள். வர விரும்பியவர் நிரப்ப வேண்டிய படிவத்தில் நீர் யூதரா என்ற கேள்வியும் இருந்தது. ஐரோப்பாவில் அவர்களைப் பிடிக்கப் பயன்பட்ட அதே கேள்வி, இங்கே அவர்களை எண்ணிக் குறைக்கப் பயன்பட்டது.

இனப்பிரச்சினை இல்லாத அந்த நாட்டில், அதே 1938ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் தேதி, மெல்பேண் ஃபுட்ஸ்கிரேயில் வாழ்ந்த வில்லியம் கூப்பர் என்ற ஆதிக்குடி முதியவரின் தலைமையில் ஒரு தூதுக்குழு கொலின்ஸ் தெருவிலிருந்த ஜேர்மன் துணைத்தூதரகத்துக்குப் போனது. யூதருக்கு நடக்கும் கொடுமையைக் கண்டித்து ஒரு தீர்மானத்தைக் கையளிக்கப் போனார்கள். தூதரக அதிகாரி வாங்க மறுத்துவிட்டார். கூப்பர் யோர்ட்டா யோர்ட்டா இனத்தவர். எழுபது வயதைத் தாண்டியவர். ரிசேர்வில் வாழும் ஆதிக்குடிகளுக்கு முதியோர் கொடுப்பனவு கிடையாது என்பதால், அதைப் பெறுவதற்காகவே ஊரைவிட்டு மெல்பேணுக்கு வந்திருந்தார். தன் சனத்துக்குப் பாராளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் கேட்டு ஜோர்ஜ் மன்னருக்கு மனு எழுதி, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒப்பம் சேர்த்தவர். அந்த மனுவை அரசாங்கம் மன்னருக்கு அனுப்பவேயில்லை.

கூப்பருக்குக் கல்வியில் துணை நின்றவரைப் பற்றித் தமிழ் வாசகருக்குச் சொல்லியாக வேண்டும். மொரீசியசில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து, விக்டோரியாவுக்கு வந்து, மறே ஆற்றங்கரையில் மலோகா மிஷனிலும் பிறகு கமராகுஞ்சாவிலும் ஆதிக்குடிப் பிள்ளைகளுக்குப் பல பத்தாண்டுகள் ஆசிரியராக இருந்த தொமஸ் ஷட்ராக் ஜேம்ஸ் அவர். கூப்பரின் சகோதரியைத் திருமணம் செய்து அந்தச் சனத்தோடேயே ஒன்றாகிவிட்டவர். பிற்காலத்தில் ஆதிக்குடிகளின் உரிமைக்காகக் குரல் எழுப்பிய பலர் அவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்கள். எழுத்தைச் சனத்தின் கையில் கொடுத்த அந்த வாத்தியாரை நம்மவர்கள் அறியாமலிருப்பது எனக்குத் துயரம்.

ரோவிலிலிருந்து வடக்கே இரண்டு மணித்தியாலம் ஓடினால் ரற்றூரா வரும். கோல்பேண் பள்ளத்தாக்கில் பழத்தோட்டங்களும் பால்பண்ணைகளும் உள்ள சின்ன ஊர். போர்க்காலத்தில் சுற்றிவர ஏழு முகாம்கள் இருந்தன. எங்கள் ரோவிலிலேகூட ஸ்ரட் வீதியும் வெலிங்டன் வீதியும் சந்திக்கும் இடத்தில் போரின் இறுதியில் இத்தாலியப் போர்க்கைதிகளின் முகாம் ஒன்று இருந்தது. 1946 மார்ச்சில், போர் முடிந்து மாதங்களான பிறகு, ரொடோல்ஃபோ பார்த்தொலி என்ற கைதி அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். கடைத்தொகுதிக்குச் சாமான் வாங்கப் போகும் எங்கள் சனத்தில் அதை அறிந்தவர் அநேகமாக இல்லை. ஆனால் யூதரின் கதைக்கு ரற்றூராதான் போக வேண்டும்.

1940 ஜூலை 10ஆம் தேதி லிவர்பூலிலிருந்து டுனேரா என்ற கப்பல் புறப்பட்டது. 1,600 பேருக்கு அமைந்த கப்பலில் கைதிகள் மட்டும் 2,500 பேருக்கு மேல். அவர்களில் சுமார் 2,000 பேர் ஹிட்லரிடமிருந்து தப்பி இங்கிலாந்தில் அடைக்கலம் தேடிய ஜேர்மன், ஆஸ்திரிய யூதர்கள். பிரான்ஸ் விழுந்ததும் பதறிப்போன பிரித்தானியா அவர்களை எதிரிநாட்டு அந்நியர் என்று பிடித்து, எங்கே போகிறோம் என்றும் சொல்லாமல் கப்பலேற்றியது. நாசிகளும் அவர்களோடு அதே கப்பலில் இருந்தார்கள். 57 நாள் பயணம். காவலுக்கு வந்த சிப்பாய்கள் மோதிரத்தையும் மணிக்கூட்டையும் பறித்தார்கள். பெட்டிகளை உடைத்துக் கடலில் எறிந்தார்கள். ஒருவர் கடலில் குதித்து மாண்டார். பொறுப்பதிகாரி லெப்டினன்ட் கேர்ணல் ஸ்கொட் பின்னர் இராணுவ நீதிமன்றத்தில் கண்டிக்கப்பட்டார். செப்டெம்பர் 3ஆம் தேதி மெல்பேணில் ஒரு பகுதியினரை இறக்கி ரற்றூராவுக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் சிட்னியில் இறங்கி, ரயிலேறி, ஹே என்ற வரண்ட ஊருக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு அவர்களும் ரற்றூராவுக்கு வந்தார்கள்.

அதே செப்டெம்பரில் குவீன் மேரி கப்பலில் இன்னொரு கூட்டம் சிட்னியில் வந்து இறங்கியது. சிங்கப்பூரில் அடைக்கலம் தேடியிருந்த யூதக் குடும்பங்கள், கைக்குழந்தைகளோடு 250 பேருக்கு மேல். நீரிணைக் குடியேற்ற அரசாங்கம் அவர்களைப் பிடித்து அனுப்பியது. அந்த அரசாங்க அலுவலகங்களில் அப்போது எத்தனையோ யாழ்ப்பாணத்தார் இலிகிதர்களாக இருந்தார்கள் என்பதை நினைக்காமல் என்னால் இதை எழுத முடியவில்லை. ரற்றூராவில் அந்தக் குடும்பங்களைக் குடும்ப முகாமில் வைத்தார்கள்.

அவுஸ்திரேலிய அரசின் நிலைப்பாடு மிகத் தெளிவு. இவர்கள் பிரித்தானியாவின் கைதிகள். செலவைப் பிரித்தானியா கொடுக்கிறது. நாங்கள் காவல் காக்கிறோம். விடுதலை வேண்டுமானால் திரும்பிப் போக வேண்டும், இந்த மண்ணில் விடுவிக்க முடியாது. நாசி முகாமில் சாகாமல் தப்பியவர்களை முள்ளுக்கம்பிக்குள் வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னார்கள். இதை நாசிகளோடு ஒத்துழைத்ததாக நான் எழுதவில்லை. அது நேர்மையும் அல்ல. இங்கே யாரும் யாரையும் கொல்ல அனுப்பவில்லை. ஆனால் ஒருவர் என்ன பட்டார் என்பதைப் பார்க்காமல், அவருடைய கடவுச்சீட்டில் எந்த நாட்டின் பெயர் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்கிற பழக்கம் விஷிக்கு மட்டும் சொந்தமானதல்ல.

ஹே முகாமில் கைதிகள் தங்களுக்குள் புழங்கக் காசுநோட்டு அச்சடித்தார்கள். வியன்னாவிலிருந்து வந்த ஜோர்ஜ் ரெல்ற்ஷர் என்ற ஓவியர் வரைந்தது. அந்த நோட்டுகளைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்க வேண்டும். நோட்டின் ஓரத்தில் முள்ளுக்கம்பி ஓடுகிறது. உற்றுப் பார்த்தால் அந்தக் கம்பியின் சுருள்களே எழுத்துகள். நோட்டில் நிற்கும் செம்மறி ஆடுகளின் ரோமத்துக்குள் நுணுக்கமாக ஆள்களின் பெயர்கள், அங்கே அடைபட்டிருந்தவர்களின் பெயர்கள். அரசாங்கம் எழுதிய இடாப்பு ஒன்று இருக்க, தங்கள் இடாப்பைத் தாங்களே எழுதி வைத்தார்கள். நான் பார்த்த ஆவணங்களில் அதைப் போல மனதை அசைத்தது வேறில்லை.

போரின் போக்கு மாறிய பிறகு பலர் திரும்பிப் போனார்கள். சுமார் 900 பேர் இங்கேயே தங்கினார்கள். பலர் எட்டாவது தொழிற்படைக் கம்பனியில் சேர்ந்து, கப்டன் எட்வேர்ட் புரோட்டன் என்ற மவோரி அதிகாரியின் கீழ் துறைமுகத்திலும் ரயில் சந்திகளிலும் மூட்டை தூக்கினார்கள். பௌஹவுசில் படித்த லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்ட் மக் ஜீலோங் கிராமர் பள்ளியில் ஓவிய ஆசிரியரானார். ஃபிரெட் குரூன் இந்த நாட்டின் பெயர்பெற்ற பொருளியலாளரானார். நாடு வேண்டாமென்றவர்களே நாட்டை வளப்படுத்தினார்கள் என்று இங்கு பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. ஓவியரும் பொருளியலாளரும் ஆகாதவர்களுக்கும் அதே உரிமை இருந்தது.

போர் முடிந்தது. ஆறு மில்லியன் பேர் கொல்லப்பட்ட செய்தி உலகுக்குத் தெரிந்துவிட்டது. அவுஸ்திரேலியாவின் முதல் குடிவரவு அமைச்சர் ஆதர் கோல்வெல், உறவினர் பொறுப்பேற்கும் சில ஆயிரம் யூதருக்கு அனுமதி கொடுத்தார். உடனே பத்திரிகைகளும் பாராளுமன்றத்தில் சிலரும் கூச்சல் போட்டார்கள். அதற்குப் பணிந்து, ஒரு கப்பலின் பயணிகளில் காற்பங்குக்கு மேல் யூதர் இருக்கக்கூடாது என்று விதி போட்டார். பிறகு 1947 நவம்பரில் ஜெனரல் ஹைன்ற்செல்மன் என்ற கப்பல் ஐரோப்பிய அகதிகள் ஏறத்தாழ 840 பேரை ஏற்றிக்கொண்டு வந்தது. எல்லோரும் போல்டிக் நாட்டவர், இளைஞர், வெள்ளைத் தோலும் நீலக் கண்ணும் பார்த்து எடுக்கப்பட்டவர்கள். யூதர் ஒருவரும் இல்லை. அவர்களை ரயிலேற்றிப் பொனகில்லாவுக்குக் கொண்டுபோனார்கள். 1971இல் மூடும்வரை மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் பொனகில்லா வழியாக இந்த நாட்டுக்குள் வந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் போரில் எல்லாம் இழந்த அப்பாவிச் சனம். அதை மறக்கக்கூடாது. லற்வியர் என்பதற்காக எவரையும் குற்றவாளி என்பது அதே பழைய இடாப்புப் புத்தி. ஆனால் யூதரென்றால் எண்ணிப் பார்த்த அதிகாரிகள், முன்னாள் பொலிசார் என்றால் கேள்வி கேட்கவில்லை. அந்த இடைவெளிக்குள்ளால் வந்தவர் கலேய்ஸ்.

பொனகில்லாவில் இருபத்துநான்கு தொகுதிகள் இருந்தன. இப்போது 19ஆம் தொகுதி மாத்திரம் நினைவிடமாக மிஞ்சியிருக்கிறது. தகரமும் பலகையுமான நீண்ட கொட்டில்கள். உள்ளே போனால் முகாம் அட்டைகளின் பிரதிகள் இருக்கின்றன. சின்னதாக ஒரு படம், பெயர், பிறந்த தேதி, நாட்டுரிமை. மலைநாட்டுக் கோவைகளைப் புரட்டியவனுக்கு அந்த அட்டை புதிதல்ல. படத்தில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி நேரே பார்க்கிறார்கள். இதில் எந்த அட்டையை யார் எழுதினார் என்று அட்டையில் இல்லை. எழுதப்பட்டவரின் பெயர் நிற்கும், எழுதியவரின் பெயர் நிற்காது. எங்கள் கச்சேரியிலும் அப்படித்தான்.

கலேய்ஸ் 1959இல் அமெரிக்கா போனார். 1985இல் புளோரிடாவில் கைதானார். வழக்குகள் நீண்டு, 1994இல் அங்கிருந்து அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். 1997இல் கனடாவும் அனுப்பியது. 1999 இறுதியில் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் ஒரு முதியோர் இல்லத்தில் கண்டுபிடித்தார்கள். அங்கும் நாடுகடத்தும் நடவடிக்கை தொடங்கவே, 2000 ஜனவரியில் மெல்பேணுக்கு வந்தார். மூன்று நாடுகள் வெளியேற்றிய ஒருவரை, பிரசை என்ற காரணத்தால் இந்த நாடு வாங்கிக்கொண்டேயிருந்தது.

இங்கே சட்டம் இல்லாமலில்லை. 1986இல் மார்க் ஆரன்ஸ் என்ற பத்திரிகையாளர் ஏபிசி வானொலியில் செய்த தொடருக்குப் பிறகு, அரசு விசாரணை வைத்து, 1987இல் சிறப்புப் புலனாய்வுப் பிரிவு ஒன்றை அமைத்தது. 1988இல் போர்க்குற்றச் சட்டத்தைத் திருத்தியது. 800க்கும் மேற்பட்டவர்களைப் பற்றி விசாரித்தார்கள். மூன்று பேர்மீது வழக்குப் போட்டார்கள், மூன்றும் அடிலெய்டில். ஒருவரும் குற்றவாளியாகவில்லை. 1992இல் பிரிவை மூடிவிட்டார்கள். சாட்சிகள் உயிரோடிருந்த காலத்தில், காசு செலவாகிறது என்று மூடினார்கள். இதை நான் மன்னிக்கவில்லை. 2000 செப்டெம்பரில் லற்வியாவே கலேய்ஸ்மீது குற்றம் சாட்டி ஒப்படைக்கும்படி கேட்டது. 2001 மே மாதம் மெல்பேண் நீதவான் நீதிமன்றம் அவரை ஒப்படைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அவர் மேன்முறையீடு செய்தார். அது முடியுமுன் அந்த நவம்பரில், 88 வயதில், மெல்பேணிலேயே இறந்தார்.

எங்கள் கதையை இதற்குப் பக்கத்தில் வைக்கும்போது கவனம் வேண்டும். ஐரோப்பாவில் நடந்தது ஒரு சனத்தை உலகிலிருந்தே இல்லாமலாக்கும் திட்டம். எதையும் அதோடு சமன்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் 1983 ஜூலையில் கொழும்பில் காடையர் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடு எது, சிங்களவர் வீடு எது என்று பார்த்துப் பார்த்துக் கொளுத்தினார்கள். ஒரு தெருவில் இரண்டு வீடு எரியும், நடுவில் ஒன்று நிற்கும். அந்த இடாப்பு அரசாங்கக் காரியாலயத்திலிருந்துதானே வந்திருக்க வேண்டும்? 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட 157 தமிழரை, அவர்களில் ஐம்பது பேரளவில் குழந்தைகள், அவுஸ்திரேலியா நடுக்கடலில் மறித்து ஏறத்தாழ ஒரு மாதம் கப்பலிலேயே அடைத்து வைத்திருந்தது. அது சட்டபூர்வமே என்று உயர் நீதிமன்றம் அடுத்த ஜனவரியில் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் சொன்னது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் ஆறாவதாக இணைந்து, அதை 1954இல் நடைமுறைக்கு வரச் செய்த நாடு இது.

கலேய்சின் வழக்கு நடந்த அதே மெல்பேண் நீதவான் நீதிமன்றத்தில் 2011 ஒக்டோபரில் மெல்பேண் தமிழர் ஒருவர் ஒரு வழக்கைப் பதிந்தார். வன்னியின் இறுதிப் போரை நேரில் கண்டவர். பொதுநலவாய மாநாட்டுக்காகப் பேர்த் வந்த இலங்கை ஜனாதிபதி மஹிந்த ராஜபக்சமீது போர்க்குற்றம் சாட்டினார். வழக்கு நடக்கச் சட்டமா அதிபரின் சம்மதம் வேண்டும். சட்டமா அதிபர் ரொபேர்ட் மக்லெலண்ட், நாட்டுத் தலைவருக்குரிய விலக்குரிமையைக் காட்டி மறுத்துவிட்டார். மியன்மாரில் ரொஹிங்கியா மக்களுக்கு நடந்ததற்காக ஓங் சான் சூசிமீது 2018இல் அங்கேயே ஒரு முயற்சி நடந்தது. 2019 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம், அதுவும் நாலுக்கு மூன்று, இப்படியான வழக்கைத் தனிமனிதர் தொடங்கவே முடியாது என்று முடித்துவைத்தது.

அதனால் இன்றைக்கு இந்த நாட்டில் நிலைமை இதுதான். ஒரு சனத்தைப் பட்டியல் போட்டுக் கொடுத்தவரோ, ஏற்றி அனுப்பியவரோ, சுட்டவரோ அடுத்த தெருவில் குடியிருந்தாலும், பாதிக்கப்பட்டவர் தானாக நீதிமன்றத்துக்குப் போக வழியில்லை. சட்டமா அதிபர் என்ற அமைச்சரின் மேசையில் ஒரு ஒப்பம் விழ வேண்டும். அந்தச் சம்மதப் பிரிவை நீக்கும்படியும், 1992இல் மூடிய புலனாய்வுப் பிரிவைப் போல் நிரந்தரமான ஒன்றை அமைக்கும்படியும் எங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன். ரோவிலிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் தத்தம் பெயரில், தனித்தனியாக, அதையே எழுத வேண்டும். சாட்சி சொல்லக்கூடியவர்கள் எங்களில் இன்னும் உயிரோடிருக்கிறார்கள்.